கசிவு நீர் வீண் நீர் அல்ல! கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் வேண்டாம்!



உலகத்தில் பல விதமான கால்வாய்கள் இருக்கின்றன. 1869இல் திறந்த சூயஸ் கால்வாயும், 1914இல் திறந்த பனாமா கால்வாயும் கப்பல் போவதற்கு வெட்டியவை. அங்கே தண்ணீர் வெறும் பாதை. பாசன வாய்க்கால் அப்படி அல்ல. மதகு வழியாக வயலுக்கு ஒரு பங்கு கொடுக்கிறது, மண் வழியாகக் கிணற்றுக்கு இன்னொரு பங்கு கொடுக்கிறது. இந்த இரண்டாவது பங்கைத்தான் அதிகாரிகள் "இழப்பு" என்று கணக்கு எழுதுகிறார்கள். யாருக்கு இழப்பு என்று கேட்கிறோம்!

பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம். அதுவும் முறை வைத்துத்தான். ஒரு போகம் நஞ்சைக்கு, அடுத்த போகம் புஞ்சைக்கு. தண்ணி இல்லாத முறையில் நம்மைக் காப்பாத்துவது எது? கிணறு. கிணத்துக்கு ஊத்து எங்கிருந்து வருது? வாய்க்கால்ல தண்ணி திறந்தா கிணறு ஏறுது, அடைச்சா இறங்குது. இதைச் சொல்ல என்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை. மேட்டில் கசிந்த தண்ணி பள்ளத்தில் ஓடையாகி, கீழே இன்னொருத்தர் வயலில் மறுபடி பாய்கிறது. ஊருக்குக் குடிதண்ணியும் அதிலேதான்.

இந்த மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட 2020இல் சுமார் 709 கோடி ரூபாய்க்கு அரசாணை வந்தது. ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. "நவீனப்படுத்துதல்", "சீரமைப்பு" என்று எந்தப் பெயரில் வந்தாலும், வாய்க்காலின் அடியை மூடினால் கிணற்றின் வாயை மூடியதாகத்தான் அர்த்தம்.

அடியை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஆல் அமெரிக்கன் கால்வாய் ஓடுகிறது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோகும் மண் கால்வாய். அதன் கசிவை நம்பி எல்லைக்குத் தெற்கே மெக்சிகாலி விவசாயிகள் பல பத்தாண்டுகள் கிணறு இறைத்துப் பாசனம் செய்தார்கள். கசிவு "வீண்" என்று சொல்லி, 2007இல் வேலை தொடங்கி, சுமார் 37 கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே புதிய கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள். மெக்சிகோ தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடக்கும்போதே, வேலையைத் தாமதமில்லாமல் செய்யச் சொல்லி 2006 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆண்டுக்குச் சுமார் 2.9 டி.எம்.சி. "மிச்சம்". அதில் பெரும்பங்கு எங்கே போனது தெரியுமா? வயலுக்கு அல்ல, சான் டியாகோ நகரப் பகுதிக்கு!

விவசாயிகளே, நன்றாக யோசியுங்கள். கசிவை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் தண்ணீர் யாருக்கு? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லாத திட்டம் எதையும் நாம் ஏற்க முடியாது.

"கசிவால் நிலம் உவராகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆகும் இடம் உண்டு. பாகிஸ்தானில் சிந்து நதிப் பாசனத்தில் நீர் தேங்கி ஏராளமான நிலம் உவர் பிடித்தது. அது சரிவில்லாத வண்டல் சமவெளி. நம்முடையது சரிவு பூமி, அடியில் பாறை. எங்கேனும் நீர் தேங்கினால் வடிகாலைத் தூர் வாருவதுதான் வைத்தியம். தலைவலிக்குத் தலையை வெட்டுவார்களா?

கடைமடை விவசாயி நமக்குப் பகையாளி அல்ல. அவருக்குத் தண்ணி போய்ச் சேரவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் காரணம் மண் மட்டும்தானா? உடைந்த ஷட்டர், மேடு தட்டிய கொப்பு வாய்க்கால், பலவீனமான கரை, வாய்க்காலோரம் கிணறு வெட்டிக் குழாய் போட்டு உறிஞ்சும் களவு, இவற்றை யார் கேட்பது? தலைமடையையும் கடைமடையையும் மோத விட்டு வேடிக்கை பார்க்க இடம் கொடுக்காதீர்கள்!

நமது கோரிக்கைகள்:

1. வாய்க்காலின் அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் தளம் கூடாது. பழுதான மதகு, பாலம், கரையை மட்டும் பழுது பார்க்க வேண்டும்.
2. கொப்பு வாய்க்கால்களைத் தண்ணீர் திறக்கும் முன்பே தூர் வார வேண்டும்.
3. களவாக உறிஞ்சும் குழாய்களை அகற்றி, கடைமடைக்கு உரிய அளவை அளந்து கொடுக்க வேண்டும்.
4. கசிவு நீரில் வாழும் கிணறுகளைக் கணக்கெடுத்து, அவற்றின் உரிமையை ஏற்க வேண்டும்.
5. கரை மரங்களை வெட்டக் கூடாது.

வரும் கிராம சபையில் ஒவ்வொரு ஊரும் தீர்மானம் போடுவோம்! ஆண்களும் பெண்களும் திரண்டு வாரீர்! கட்சி பார்க்காதீர், சாதி பார்க்காதீர், கிணத்தைப் பாருங்கள்!

மண் வாய்க்கால் மண்ணாகவே இருக்கட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்