பட்டியல் சொல்லாத மெட்டா

"வினைக்காரணிகளின் பட்டியலை உருப்போட்டால் போதும், ஐந்து படி வினையானாலும் விளைபொருள் தானாக வந்துவிடும்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். வராது. அனிலீனை எடுத்துக்கொள்வோம். அமினோ தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே வழிகாட்டும் என்கிறது பட்டியல். ஆனால் நைட்ரிக், சல்பியூரிக் அமிலக் கலவையில் நேரடியாக நைட்ரோ ஏற்றினால் ஏறக்குறைய 47 விழுக்காடு மெட்டா நைட்ரோஅனிலீன் கிடைக்கிறது! வலிய அமிலத்தில் அனிலீன் புரோட்டானை ஏற்று அனிலீனியம் அயனியாகிவிடுகிறது. அது மெட்டாவுக்குத் திருப்பும். முதலில் அசிட்டிக் நீரிலியால் அமினோ தொகுதியைக் காத்து, நைட்ரோ ஏற்றி, பிறகு நீராற்பகுத்தால் பாராவே முதன்மை விளைபொருள். ஒவ்வொரு படியிலும் குடுவைக்குள் எந்த மூலக்கூறு இருக்கிறது என்று கேட்கக் கற்றுத்தராமல், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தலையில் பட்டியலைத் திணிப்பது அநியாயம்.