செம்மறிக்குப் பரண் எதற்கு?

ஆடு வளர்ப்பு பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் இப்போது ஒரே பாட்டுதான். மேய்ச்சல் காலம் மலையேறிவிட்டது. ஆட்டை ஏற்றி அடைக்கப் பரண் போடு, கோ-4 புல் நடு, அறுத்துப் போடு, ஏக்கருக்கு ஐம்பது ஆடு நிச்சயம். வெள்ளாட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கம் மேச்சேரிச் செம்மறியும் நாலு ஏக்கர் கொறங்காடும் வைத்திருப்பவரிடம் போய் இதையே சொல்வதுதான் வம்பு.

கொறங்காடு என்பது பொது மேய்ச்சல் நிலம் அல்ல, பட்டா நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பி ஓடுகிற ஏற்பாடு. நிலத்தைத் தடுப்புத் தடுப்பாகப் பிரித்து மாற்றி மேய்ப்பதை இன்று வெளிநாட்டு உத்தியாகப் பயிற்சி முகாம்களில் சொல்லித் தருகிறார்கள். அதற்கு வேண்டிய வேலியைக் கொங்குச் சீமை எப்போதோ நட்டு வைத்துவிட்டது.

பரண்காரர்களின் முதல் வாதம், ஆடு வாய் வைத்தால் நிலம் மொட்டை என்பது. மொட்டையான காடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றை மொட்டையாக்கியது எது என்று பார்க்க வேண்டும். மழை விழுந்ததும் காய்ந்த கொழுக்கட்டைத் தூர் பச்சை கட்டுகிறது. அந்த முதல் குருத்து, தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்து வருவது. இலை விரிந்து வெயில் வாங்கிய பிறகுதான் செடி தன் கடனை அடைக்கும். திறந்து விட்ட காட்டில் செம்மறி முற்றிய தாளை விட்டுவிட்டு, நேற்றுக் கடித்த தூரில் இன்று முளைத்த குருத்தையே தேடி வரும். நாலு முறை இப்படிக் கடிபட்டால் தூர் செத்துப்போகும். பக்கத்தில் ஆடு தொடாத களை தழைக்கும். ஆகவே கேள்வி ஆட்டின் வாயைப் பற்றியது அல்ல, அது எத்தனை நாளில் அதே தூருக்குத் திரும்பி வருகிறது என்பதைப் பற்றியது. மழைக்குப் பின் புல் தலையெடுக்கும்வரை படலைச் சாத்தி வைப்பதும், நாலு விரற்கடைத் தாள் நிற்கும்போதே ஆட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவதும் இதற்காகத்தான். இளம்புல்லில் திடீரென்று வயிறு முட்ட மேய்ந்த குட்டிகளைத் துள்ளுமாரி அடித்துக்கொண்டு போகும் என்பதும் சேர்த்து எண்ண வேண்டியது. அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

அடுத்தது குடற்புழு. தரையில் மேய்ந்தால் புழு, பரணில் ஏற்றினால் புழு இல்லை என்கிறார்கள். பாதி உண்மை. புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் வெப்பமும் உள்ள நாளில் சுமார் ஒரு வாரத்துக்குள் ஆட்டைத் தாக்கும் நிலைக்கு வந்துவிடும். பனி ஈரத்தில் புல்லின் அடித்தாளில் ஏறி நிற்கும். அந்த நிலையில் அது எதையும் தின்பதில்லை; உடம்பில் உள்ள இருப்பை வைத்தே ஓட்டுகிறது. குளிர் நாட்டில் அந்த இருப்பு மாதக்கணக்கில் தாங்கும். நம் வெப்பத்தில் சில வாரங்களில் தீர்ந்துவிடும். பசிபிக் தீவு நாடான டோங்காவில் வெள்ளாடுகளைப் பத்துத் தடுப்புகளில், தடுப்புக்கு மூன்றரை நாளாகச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். புழுமருந்தின் தேவை நன்றாகவே குறைந்தது. அந்த ஆய்வு 1994-ல் வெளியானது. நம்மிடம் ஆறு தடுப்பு இருந்தால் போதும்: ஒன்றுக்கு ஐந்தாறு நாள், திரும்பி வர ஒரு மாதம். இரண்டே தடுப்பை வைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுபவர், புழு தயாராகி நிற்கும் நேரம் பார்த்து ஆட்டை அங்கே அழைத்துப் போகிறார். அதற்கு மாற்றாமலே இருக்கலாம்.

ஏக்கருக்கு ஐம்பது என்ற கணக்குக்கு வருவோம். ஒரு செம்மறிக்கு நாளைக்கு நாலு கிலோ பசுந்தீவனம் என்று வைத்தாலும் ஐம்பதுக்கு 200 கிலோ. தினமும் அறுக்க வேண்டும், சுமக்க வேண்டும், நறுக்க வேண்டும். கோ-4 பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் கேட்கும் பயிர். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பல இடங்களில் ஆயிரம் அடியைத் தொட்டுவிட்டன. அந்தத் தண்ணீரையும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்காமல் ஏக்கர் கணக்கு மட்டும் சொல்வது, கல்யாணச் செலவில் பந்தியை விட்டுவிட்டுப் பத்திரிகைச் செலவை மட்டும் சொல்வது போல. அடர்தீவனச் செலவு தனி. பரணில் நடமாட்டம் குறைந்து குளம்பு தேயாமல் வளரும். அதை வெட்டிவிடவும் ஒருவர் வேண்டும். கொறங்காட்டில் கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காய் உதிர்கிறது. அதைப் பொறுக்கித் தின்ன ஆட்டுக்கு யாரும் கூலி தருவதில்லை.

மேய்க்க ஆள் கிடைக்கவில்லை என்ற வாதம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைப்பது. சாலையோரம் ஓட்டிப்போகிற மந்தைக்கு அது பொருந்தும். கிளுவை வேலிக்குள் காலையில் விட்டு, படலைச் சாத்திவிட்டுத் தறிக்குப் போய் மாலையில் வந்து அடைக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஆள் பற்றாக்குறை பரணைத்தான் அதிகம் கடிக்கும்.

மேய்ச்சல் பக்கத்திலும் புளுகு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மாற்றி மேய்ப்பதைப் பரப்பிவரும் ஆலன் சேவரி 2013-ல் ஆற்றிய புகழ்பெற்ற உரைக்குப் பிறகு, மாற்றி மேய்த்தால் எத்தனை ஆடு வேண்டுமானாலும் விடலாம், பாலையும் பச்சையாகும் என்று நம்புவோர் பெருகிவிட்டார்கள். டேவிட் பிரிஸ்கும் மற்றவர்களும் பல்லாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் வெளியிட்ட மதிப்பாய்வு வேறு சொல்கிறது: ஆட்டு, மாட்டு எண்ணிக்கை சமமாக இருந்தால், மாற்றி மேய்ப்பதால் மட்டும் புல்லோ எடையோ கூடிவிடவில்லை. தடுப்பு வேலி எண்ணிக்கையை ஈடுகட்டாது. மழை பொய்த்த ஆண்டில் கிடாய்க் குட்டிகளை முன்னதாகவே சந்தைக்கு ஏற்றிவிடுபவரின் காடுதான் அடுத்த மழைக்கு முளைக்கிறது. கோடையில் நாள் கணக்கும் உதவாது. புல் வளராதபோது சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதில் பயனில்லை. இருப்பை அளந்து செலவழிப்பது மட்டுமே வேலை.

பரண்காரர்களிடம் பதில் சொல்லத் திணறும் வாதம் ஒன்றே ஒன்று உண்டு: தெருநாய். காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கூட்டமாகக் கடித்துக் கொன்று, விவசாயிகள் இறந்த ஆடுகளோடு இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வந்ததை எல்லோரும் பார்த்தோம். கிளுவை வேலி ஆட்டை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. இரவுப் பட்டிக்காவது கம்பிவலை போட்டாக வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு மேய்ச்சலின் கணக்கில்தான் ஏறும். அப்படி ஏற்றினாலும், பரணும் ஆழ்துளைக் கிணறும் தீவன வெட்டியும் கேட்கும் முதலுக்குப் பக்கத்தில் அது வராது.

நிலமே இல்லாதவர், வெள்ளாடு வளர்ப்பவர், தண்ணீர் வசதி உள்ளவர் பரண் போடட்டும். கொறங்காடு வைத்திருப்பவர் கடன் வாங்கப் போகும் முன் தம் காட்டுக்குள் எத்தனை தடுப்பு எடுக்கலாம் என்று ஒரு நடை நடந்து பார்க்கட்டும். கிளுவைப் போத்து பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டால் கிடைக்கும்.