பதினாலு வேண்டாம், பதினொன்று போதும்

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். கடலோரத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆக்சிஜன் குறைவதைக் கண்டதும் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கும். எலும்பு மஜ்ஜையும் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். மலைவாசிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றே ஏறியிருப்பது இதனால்தான்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த ஹார்மோன் பெருமளவு வற்றிவிடுகிறது. ஆனால் அடியோடு வற்றுவதில்லை; மிச்சமிருப்பதை உயரம் தூண்டக்கூடும். 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, டயாலிசிஸ் தொடங்கிய எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, அவர்கள் வசிக்கும் உயரத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. ஆறாயிரம் அடிக்கு மேல் இருப்பவர்களின் இறப்பு விகிதம், கடல்மட்டத்தை ஒட்டி வாழ்பவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தது. உயரத்தில் இருப்பவர்களுக்கு எரித்ரோபொய்டின் ஊசி குறைவாகவே தேவைப்படுகிறது, ஹீமோகுளோபின் அளவோ நன்றாகவே இருக்கிறது என்று அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்திருந்தது. எல்லாம் மலைக்காற்றின் வேலை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இதைப் படித்ததும் என் மனம் போனது கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களான மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சிப் பக்கம்.

பெருமாள்மலையில் பேருந்துக்கு நின்றபோது ஒரு மேல்மலைத் தம்பதியோடு பேச்சுக் கொடுத்தேன். பூண்டு விவசாயம். கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா புடைத்துத் தெரிந்தது, நகக்கண்கள் வெளுத்துப்போயிருந்தன. "பீட்ரூட்டு, மாதுளை, முருங்கைக்கீரைன்னு குடுத்துக்கிட்டேதான் இருக்கேன் தம்பி, எச்.பி. ஒம்பதத் தாண்ட மாட்டேங்குது. எங்க சொந்தத்துல ஒருத்தருக்குப் பதினாலாம்" என்றார் அந்த அம்மா. மடியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். ஹீமோகுளோபின் 9.1.

அவர் கொடுத்ததெல்லாம் அன்பால் கொடுத்தது. ஆனால் கீரையிலும் மாதுளையிலும் பொட்டாசியம் ஏராளம். அதை வெளியேற்றும் வழி அடைபட்டவருக்கு இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இந்த ரத்தசோகை கீரையால் தீருவதும் அல்ல, குறைவது ஹார்மோன். அதற்கு ஊசியும், நரம்பு வழி ஏற்றும் இரும்புச்சத்தும்தான் வழி. ரத்தம் ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால், ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் உடம்பில் எதிர்ப்பொருட்களை உண்டாக்கக்கூடும். பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும்.

அந்தப் பதினாலுக்கும் ஆசைப்பட வேண்டாம் என்றேன். 1998-இல் வெளியான பெரிய ஆய்வு இதில் கண்ணைத் திறந்தது. இதயநோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்தைக் கூட்டி ஹீமோகுளோபினைப் பதினாலுக்கு அருகே கொண்டுபோகப் பார்த்தார்கள். மற்றவர்களைப் பத்தில் நிறுத்தினார்கள். உயர்த்தியவர்களில் 183 பேர் இறந்தார்கள், பத்தில் நின்றவர்களில் 150 பேர். ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. என்னை இன்றும் யோசிக்கவைப்பது அதற்குள் இருந்த இன்னொரு செய்தி: இரண்டு பிரிவிலுமே, எட்டிய அளவு கூடுதலாக இருந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். உடம்பு ஒத்துழைத்து ஏறுகிற எண் வேறு, மருந்தைக் கொட்டி ஏற்றுகிற எண் வேறு. பதினொன்றரைக்கு மேல் பொதுவாக ஏற்றிவைக்காதீர்கள், ஒன்பதுக்குக் கீழே விழவும் விடாதீர்கள் என்று 2012-இல் சர்வதேச வழிகாட்டுதல் சொன்னது இதுபோன்ற அனுபவங்களால்தான்.

ஊசி போட்டும் ஏறவில்லை என்றால் டோஸைக் கூட்டச் சொல்வதற்கு முன், ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டும். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா? டயாலிசிஸுக்காகக் கழுத்தில் பொருத்திய குழாயில் கிருமித்தொற்று இருக்கிறதா? டயாலிசிஸ் தவறிப்போகிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் மேல்மலைக்காரர்கள் தலைகுனிகிறார்கள். மலைச்சாலையில் போய்வரவே ஒரு நாள் போய்விடும். அறுவடை நேரத்தில் கூலியும் போகும். மழைக்கு மண் சரிந்தால் அந்த முறை இல்லை. காற்று கொடுக்கிற கொஞ்ச அனுகூலத்தையும் சாலை பிடுங்கிக்கொள்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டிலேயே கொண்டுபோய்த் தருகிறார்கள். அதே பாதையில் எரித்ரோபொய்டின் ஊசியும் குளிர்ப்பெட்டியில் மேல்மலைக்கு ஏறலாம். உயரத்துக்குப் போனால் உடம்பு செய்வதையே செய்யத் தூண்டும், அகமதாபாத் நிறுவனம் ஒன்று உருவாக்கிய டெசிடுஸ்டாட் மாத்திரை 2022-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதற்கும் எல்லை உண்டு, மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். ஆனால் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கலாம். இரண்டையும் மன்னவனூர் வரை கொண்டுசேர்க்கும் வழியைச் சுகாதாரத் துறை அடுத்த மழைக்காலத்துக்குள் யோசிக்கட்டும்.