எறும்பு ஊர... உலோகமும் தேயும்!

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில், மருந்து கலக்கும் அறைக்குள் செருப்போடு போக முடியாது. இரும்புக் கருவிக்கும் இடமில்லை. பித்தளை, மரம் என்றுதான் புழங்குவார்கள். தரையில் கிடக்கும் ஒரு பொட்டு மணல்கூட அங்கே எதிரி. அதன் கூர்முனை மருந்தில் உரசும் இடத்தில் பிறக்கிற சூடு போதும், விபரீதம் நடக்க. சொரசொரப்பின் விலை என்ன என்று விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இதே சொரசொரப்பு, மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்ட நம் வீட்டுப் பாட்டிக்கும் பிரச்னைதான். முழங்காலில் பொருத்தும் மேல்பாகம் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம். நடக்கும்போது அது ஒரு பிளாஸ்டிக் தட்டின்மேல் உரசும். உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும், உப்புத்தாள் போலத் தட்டைத் தேய்த்துவிடும். உதிரும் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரித்து, மறுபடியும் ஆபரேஷன் வரை போகலாம்.

'நல்லா தேய்ச்சு வழவழப்பாக்க வேண்டியதுதானே?' என்று தோன்றும். கடினமான உலோகம் லேசில் மசியாது. அழுத்தித் தேய்த்தால் சூடேறும், புதுக் கீறல் விழும். வளைவு நெளிவுகளில் சாணைச் சக்கரம் நுழையவும் நுழையாது. அதனால்தான் இரண்டு முறைகளைக் கூட்டுச் சேர்க்கிறார்கள்.

ஒன்று, மின்சாரமும் சாணையும். உப்புக் கரைசல் வழியே மின்சாரம் பாய்ச்சினால் உலோகத்தின் மேற்பரப்பு மெல்லக் கரையும். அப்போது படியும் படலத்தைச் சக்கரம் வழித்தெடுக்கும். பெரும்பகுதி வேலையை மின்சாரமே முடித்துவிடுவதால் சூடு குறைவு.

இன்னொன்று, காந்தமும் பசையும். கான்பூர் ஐ.ஐ.டி-யின் சுனில் ஜா, வி.கே.ஜெயின் இருவரும் 2004-ல் வெளியிட்ட முறை இது. இரும்புத்தூள், சிலிக்கான் கார்பைடு துகள், எண்ணெய், கிரீஸ் கலந்த பசையை உலோகத்தின்மேல் முன்னும் பின்னுமாகத் தள்ளுவார்கள். காந்தப்புலம் பட்டதும் இரும்புத்தூள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, தேய்க்கும் துகள்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். புலத்தைக் கூட்டிக் குறைத்து, அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். எறும்பு ஊரக் கல் தேயும் கதைதான்!

சிவகாசியில் 1984-ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் உள்ள 'மெப்கோ', திருமங்கலம் மெட்டல் பவுடர் கம்பெனியைக் குறிப்பது. மத்தாப்பில் மின்னும் அலுமினியத்தூளோடு வளர்ந்த ஊர் இது. வருஷமெல்லாம் ஒரு தீபாவளியை நம்பியிருக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள், மெக்கானிக்கல் படிக்கும்போது இதையும் தெரிந்துகொள்ளட்டும். உலோகத்தூளுக்குப் பட்டாசைத் தாண்டியும் வேலை இருக்கிறது.