கடைசி பெஞ்ச் இத்தாலியை வெளியே அனுப்பலாமா?

நம்ம ஹாஸ்டல்ல கிரிக்கெட் மேட்ச்னா டிவி ரூம் நிரம்பி வழியும். ரக்பின்னா நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால முதல்ல ஒரு சின்ன அறிமுகம்.

சிக்ஸ் நேஷன்ஸ் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஆறு நாடுகள் ஆண்டுதோறும் மோதும் ரக்பி யூனியன் தொடர். ஒரு அணிக்கு ஐந்தே ஆட்டங்கள். கடைசி இடத்துக்கு வர்ற அணிக்கு ‘மரக்கரண்டி’ன்னு கேலிப் பட்டம். நிஜத்துல கரண்டி எதுவும் கொடுக்க மாட்டாங்க, மானம் போறது மட்டும் நிஜம்.

இத்தாலி 2000-ல்தான் இதில் சேர்ந்தது. 2015 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தை ஜெயிச்ச பிறகு, இந்தத் தொடரில் வரிசையாக 36 ஆட்டங்களில் தோல்வி. 2022 மார்ச்சில் கார்டிஃப் நகரில் வேல்ஸை 22-21 என்று வென்றபோதுதான் அது முடிவுக்கு வந்தது. ஏழு வருஷம்! அதுக்குள்ள நாம டிகிரி முடிச்சு, மூணு வருஷம் வேலையும் பார்த்திருப்போம்.

அந்த ஏழு வருஷமும் ஒரே கேள்விதான்: “இவங்களை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க? வேற நாட்டைச் சேருங்க.” கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 2024 சீசனைப் பாருங்க.

முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 24-27 எனத் தோல்வி. அடுத்து டப்ளினில் அயர்லாந்திடம் 0-36. “பாத்தியா, திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க”ன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க.

மூன்றாவது ஆட்டம் லீல் நகரில், பிரான்சுக்கு எதிராக. 13-13 சமநிலை, கடைசி நிமிஷம், இத்தாலிக்கு ஒரு பெனால்டி. உதைக்க வேண்டியவர் பாவ்லோ கார்பிசி. 2022-ல் கார்டிஃப்பில் வெற்றி உதையை அடித்தவரும் இவர்தான். பந்தை டீ மேல வச்சு, உதைக்கத் தயாரானதும் பந்து சரிஞ்சு விழுந்துடுச்சு. பெனால்டிக்கு 60 விநாடிதான் அவகாசம், கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. அவசரமா மறுபடி வச்சு உதைச்சார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் டிரா.

பயிற்சியாளர் கேசாடா அடுத்த ஆட்டத்திலும் அதே கார்பிசியைத்தான் இறக்கினார். ரோமில் ஸ்காட்லாந்தை 31-29 என்று வென்றார்கள். சிக்ஸ் நேஷன்ஸில் சொந்த மண்ணில் 11 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. அடுத்து கார்டிஃப்பில் வேல்ஸை 24-21. இரண்டு வெற்றி, ஒரு டிரா, 11 புள்ளிகள். மரக்கரண்டி வேல்ஸுக்குப் போனது. தொடரின் சிறந்த வீரர் 21 வயது இத்தாலியர் தொம்மாசோ மெனோன்செல்லோ.

இது திடீர் அதிர்ஷ்டம் இல்ல. சீனியர் அணி தோத்துக்கிட்டிருந்த அதே வருஷங்கள்ல, கீழே 20 வயதுக்குட்பட்டோர் அணியை வளர்த்துக்கிட்டிருந்தாங்க. 2022-ல் அந்த அணி இங்கிலாந்தின் இளையோர் அணியையே 6-0 என்று சாய்த்தது. 2019-லேயே இத்தாலியை வெளியே தள்ளியிருந்தா, இந்தப் பசங்க வளர்ந்து வந்து யாரோட ஆடியிருப்பாங்க? ஸ்கோர்போர்டு மேல நடப்பதை மட்டும்தான் காட்டும்.

இன்னொன்றும் கவனிங்க. வேல்ஸ் 2024-ல் ஐந்து ஆட்டமும் தோற்றது. 2025-லும் ஐந்தும் தோற்றது. ஆனா இத்தாலியைக் கேட்ட அளவு சத்தமா “வேல்ஸ் எதுக்கு?”ன்னு கேள்வி எழல. பழைய வீட்டுக்காரங்களுக்கு ஒரு நியாயம், புதுசா வந்தவங்களுக்கு ஒரு நியாயமா?

இப்போ நீங்க என்னை மடக்கலாம்: “சரி, அப்போ ஜார்ஜியா என்ன பாவம் பண்ணுச்சு?” சரியான அடி. 2022 ஜூலையில் பத்துமி நகரில் ஜார்ஜியா இத்தாலியை 28-19 என்று வென்றது. அதே நவம்பரில் கார்டிஃப்பிலேயே வேல்ஸை 13-12. ஆனாலும் சிக்ஸ் நேஷன்ஸுக்குள் நுழைய அவர்களுக்கு வழியே இல்லை, ஏன்னா இதில் பதவி உயர்வும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பெரிய அணிகளோடு மோதித்தான் இத்தாலி வளர்ந்ததுன்னு நான் வாதாடினா, அதே வாதம் ஜார்ஜியாவுக்கும் பொருந்தணும்.

அதனால என் கருத்து இதுதான்: யாரையும் துரத்த வேண்டாம், ஏழாவது நாற்காலி போடுங்க. “ஏழு அணின்னா ஒவ்வொரு வாரமும் ஒரு அணி சும்மா இருக்கணும், வாரங்கள் கூடும், கிளப்புகள் வீரர்களை விடாது”ன்னு சொல்வாங்க. சிக்கல் உண்மைதான். ஆனா 1999 வரை இதே தொடர் ஐந்து நாடுகளோடுதான் நடந்தது. அப்பவும் அஞ்சு அணின்னா ஒண்ணு சும்மாதான் இருந்தது, தொடர் நின்னா போச்சு?

அடுத்த பிப்ரவரியில் டிவி ரூமுக்கு வாங்க, இடம் நிறைய இருக்கும். கார்பிசி டீ மேல பந்தை வைக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பார்ப்பீங்க.