கடைசி வீட்டுக் குழாய்

பரீட்சையில் முதலில் குத்துமதிப்பாக எதையாவது எழுதிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி முழு மார்க் வாங்கலாம் என்றால் நம்புவீர்களா? சிவில் மாணவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. 1936-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்டி கிராஸ் என்ற பேராசிரியர் கொடுத்தது.

ஊர்த் தண்ணீர்க் குழாய்கள் வளையம் வளையமாகப் பின்னிக் கிடக்கும். எதில் எவ்வளவு ஓடும்? தோன்றியதைப் போடு என்றார் கிராஸ். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு சந்திப்பிலும் வரவும் செலவும் சமமாக இருக்கவேண்டும். அப்புறம் வளையத்தைச் சுற்றி அழுத்த இழப்பைக் கூட்டு. பூஜ்யம் வராது. எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதற்கேற்ப ஓட்டத்தைத் திருத்து. மறுபடி கூட்டு, மறுபடி திருத்து. கால்குலேட்டரில் இதைச் செய்த தலைமுறைக்கு மூன்றாவது சுற்றிலேயே பசி வந்துவிடும்.

கோழிப்பண்ணைக்கும் இன்ஜினீயரிங் கல்லூரிக்கும் பெயர்போன நாமக்கல் பக்கம் ஒரு வகுப்பில் போன மாதம் இதை எக்ஸெல்லில் நடத்தினேன். வரிசைக்கு ஒரு குழாய். நீளம், விட்டம், ஓட்டம், இழப்பு. ‘எபாநெட்’ என்று அமெரிக்க அரசின் இலவச மென்பொருள் 1993 முதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பட்டனைத் தட்டினால் விடை வரும். வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. எக்ஸெல்லில் ஒரு பையன் ஒரு குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினான். அதே ஓட்டத்துக்கு இழப்பு 29 மடங்கு எகிறியது. “சார், ஷீட்டுல மிஸ்டேக்” என்றான். இல்லப்பா, ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரமே அப்படித்தான்.

ராசிபுரத்துப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “தலைக்கு 135 லிட்டர்னு போடச் சொல்றீங்க. எங்க தெருவுல நல்ல தண்ணி தினமும் வராதுங்க சார். வர்ற அன்னிக்கு குடம், டிரம், அண்டா எல்லாம் ரொம்புற வரைக்கும் ஒருத்தரும் குழாயை மூட மாட்டாங்க.”

நியாயமான கேள்வி. புத்தகம் 24 மணி நேரமும் குழாய் நிறைந்திருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. ஆகவே ஒரு பத்தியை மாற்றினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் போவது அங்கே உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற அளவு. அவ்வளவுதான், தொட்டியடித் தெரு குளித்துக் கும்மாளமிட, மேட்டுத்தெருவின் கடைசி வீட்டில் சைபர். தஞ்சாவூர் விவசாயி கடைமடை என்று சொல்வாரே, அதேதான். நடுவில் ஒருவர் மோட்டார் வைத்து உறிஞ்சினால் என்னவாகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எந்தக் குழாயைப் பெரிதாக்கலாம் என்று அரைமணி நேரம் சண்டை. தண்ணி வராத கடைசித் தெருவைத்தான் என்றான் பையன். மாற்றிப் பார்த்தான், எண் அசையவே இல்லை. முழு ஊர்த் தண்ணீரையும் சுமக்கும் தொட்டியடிக் குழாயில்தான் அழுத்தம் கரைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் அதை ஒரு சைஸ் ஏற்றினாள். கடைசி வீட்டில் சொட்ட ஆரம்பித்தது.

“இதை எங்க பஞ்சாயத்துல காட்டலாமுங்களா?” என்று பிரிண்ட் கேட்டாள்.