அல்ஹம்ராவுக்கு அழுதது போதும், மலைக்கு ஏறுங்கள்



ஏப்ரல் முதலாம் திகதி வந்தால் எமது வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். ஸ்பெயின் முஸ்லிம்களை ஏமாற்றிக் கப்பலில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்த நாள்தான் "ஏப்ரல் ஃபூல்" என்று. நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அது கட்டுக்கதை. கிரனடா நகரம் கையளிக்கப்பட்டது 1492 ஜனவரி 2ஆம் திகதி. நடந்தது தெரிந்தால் அழுவதற்குக் கதை எதுவும் தேவைப்படாது.

ஸ்பெயினுக்குப் போகக் கிடைப்பவர்களும் அப்படித்தான். குர்துபா பள்ளிவாசலில் ஒரு படம், அல்ஹம்ராவில் ஒரு படம், கீழே "எண்ணூறு வருடம் ஆண்டோம்" என்று ஒரு வரி. அரண்மனை அரசர்களுடையது. எமது மக்கள் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிரனடாவிலிருந்து பஸ் ஏறி சியரா நெவாடா மலையின் தெற்குச் சரிவுக்குப் போக வேண்டும். அந்தப் பகுதிக்குப் பெயர் அல்புஹாரா. பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று கிராமங்கள். கபிலெய்ரா 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. வெள்ளை அடித்த வீடுகள், சாம்பல் நிறக் களிமண் போட்ட தட்டைக் கூரைகள். மொரோக்கோ மலைக் கிராமங்களில் இருப்பதைப் போலவே இருக்கும்.

அந்த ஊர்களில் பார்க்க வேண்டியது வாய்க்கால்கள். பனி உருகி வரும் தண்ணீரை மலை உச்சியிலேயே மறித்து, சரிவு நெடுகக் கொண்டு வந்து, சில இடங்களில் வேண்டுமென்றே மண்ணுக்குள் இறங்க விடுகிறார்கள். அது கோடையில் கீழே ஊற்றாக வெளியே வருகிறது. அந்த வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் "அசேகியா" என்று பெயர். அரபியில் "அஸ்ஸாகியா". தண்ணீரை முறை வைத்துப் பங்கிட அங்கேயும் ஓர் ஆள் இருப்பார், எமது வயல்களில் வட்டவிதானை இருப்பது போல.

இதை உருவாக்கியவர்களுக்கு என்ன நடந்தது? கிரனடா சரணடைந்தபோது மதம், மொழி, சட்டம் எதிலும் கை வைக்க மாட்டோம் என்று 1491இல் எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்குள் கட்டாய ஞானஸ்நானம் வந்தது. கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ்வுக்கு இந்த மலைப் பகுதியைத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் 1493இலேயே மொரோக்கோவுக்குப் போய்விட்டார். எமது கவிதைகளும் பயான்களும் அவருக்காகத்தான் அழுகின்றன. அவர் போன பிறகும் எழுபது வருடத்துக்கு மேலாக வாய்க்கால் வெட்டி, பட்டுப்பூச்சி வளர்த்து, இரகசியமாகத் தொழுத விவசாயியின் கதையை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்?

1567இல் இரண்டாம் பிலிப் அரபு மொழியையும் உடையையும் பெயர்களையும் குளியலறைகளையும் தடை செய்தார். 1568 டிசம்பரில் மலை கிளர்ந்தது. இங்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். கிளர்ச்சியாளர்கள் பாதிரிமாரையும் கிறிஸ்தவக் குடும்பங்களையும் கொன்றார்கள். அவர்களின் தலைவர்கள் இருவரும் அடுத்தடுத்துத் தம் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார்கள். அரச படையும் ஊர் ஊராக அழித்தது. 1570இல் கிரனடா முஸ்லிம்களை மொத்தமாகக் கிளப்பி, குளிர்காலத்தில் வடக்கே நடக்க வைத்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். ஊரிலிருந்து கிளப்பப்படுவது என்றால் என்ன என்று 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்த எமது குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெறுமையான கிராமங்களில் வேறு மாகாணத்தவர்களைக் குடியேற்றினார்கள். ஆனாலும் வாய்க்கால் நிற்கவில்லை. இன்றைக்கும் கிரனடா பல்கலைக்கழகத்தினர் ஊராரோடும் தொண்டர்களோடும் சேர்ந்து தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களைச் சிரமதானம் போலத் தோண்டித் திறக்கிறார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். பெருமை பேசி அல்ல, மண்வெட்டி எடுத்து அந்த மக்களின் வேலையைக் காப்பாற்றுகிறார்கள். நாமோ ஃபோர்வர்ட் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொரு மலைக் கிராமம், அரகோன் பகுதியில் அல்மொனாசித் தெ லா சியரா. 1884இல் அங்கே ஒரு பழைய வீட்டை உடைத்தபோது, போலித் தளத்துக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. 1610இல் அரகோன் முஸ்லிம்கள் நாடு கடத்தப்பட்ட காலத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் கிடந்தவை. அவற்றில் பல ஸ்பானிய மொழியில், ஆனால் அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. அரபு பேச மறந்துபோன பிறகும் மார்க்கத்தைத் தங்கள் தாய்மொழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்கள் கண்ட வழி அது.

இது எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? அரபுத் தமிழ்தான். உம்மும்மாமார் ஓதிய கிதாபுகளும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் நூல்களும் அப்படி எழுதப்பட்டவைதான். பிடிபட்டால் விசாரணை மன்றம் தண்டிக்கும் என்று தெரிந்தும் அல்மொனாசித் மக்கள் கிதாபைத் தளத்துக்கு அடியில் பத்திரப்படுத்தினார்கள். எம்மை எந்த மன்னனும் தடுக்கவில்லை. இருந்தும் எமது ஊர்களில் அவை அலுமாரிக்கு மேலே கறையான் பிடித்துக் கிடக்கின்றன. வீடு புதுப்பிக்கும்போது பழைய கடதாசியோடு சேர்ந்து போகின்றன. "இதெல்லாம் எதற்கு, அசல் அரபுதான் வேண்டும்" என்று சொல்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அன்தலூஸ் போனதற்கு அழுகிற அதே வாயால்தான் அதையும் சொல்கிறார்கள்.

ஸ்பெயின் போகிறவர்கள் தயவு செய்து மலைக்கும் ஏறுங்கள். போக முடியாதவர்கள் இந்த விடுமுறையில் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். அரபுத் தமிழ் கிதாப் ஒன்று கிடைத்தால் எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு மூத்தம்மா ஊரில் இருந்தால் பிள்ளைகளை அவரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். அடுத்த ஏப்ரல் முதலாம் திகதி எமது குழுமத்தில் அந்தப் பக்கங்களின் படம் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.